மலையேறாத விளக்கு

முதலில் மாறியது நிழல்தான். வேலை முடிந்து படியேறி வந்து செருப்பைக் கழற்றிய சௌம்யா, ஹாலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் நிழல் கறுப்பாக, கத்தரித்து ஒட்டியதுபோல் ஓரம் கூர்ந்து தரையில் விழுந்திருப்பதைப் பார்த்தாள். அந்த வேளையில் அந்த வீட்டில் எதற்கும் அப்படி நிழல் விழாது. ட்யூப்லைட் இன்னும் போடவில்லை. ஜன்னலுக்கு வெளியே மண்டி மொஹல்லா சந்தில் மழைக்கு முந்திய சாம்பல் வெளிச்சம், ஸ்கூட்டர்களின் ஹாரன், யாரோ பாதி ஷட்டரை இழுத்துவிடும் சத்தம். ஹாலில் எரிந்தது, கடல் பவளங்களை உயிரோடு வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் மேல் தொங்கிய எல்.ஈ.டி. விளக்கு மட்டும்தான். சாயங்காலமானால் அதன் வெள்ளை தானாகவே அடங்கிவிடும். நீலம் மட்டும், புகைபோல, தொட்டிக்கு மேல் நிற்கும். அந்த நீலத்தில் நாற்காலிக்கு நிழல் என்று எதுவும் இருந்ததில்லை.

தொட்டிக்கு முன்னால் ஒரு பலகையில் ஸ்வாதி உட்கார்ந்திருந்தாள். இரண்டாம் வகுப்பு படிக்கிற பெண். பள்ளி விட்டதும் கீழ்வீட்டு உமாதேவியிடம் இருந்துவிட்டு, அம்மா வரும் நேரத்துக்கு மேலே வந்துவிடுவாள்.

"லைட்டுல கைய வெச்சியா, கண்ணு?"

"இல்லம்மா. நிஜவாக்லூ." சத்தியம் செய்யும்போது மட்டும் அவளுக்குக் கன்னடம் வந்துவிடும்.

விளக்கின் பக்கவாட்டில் இருந்த பொத்தானை அழுத்திச் சௌம்யா வெளிச்சத்தைக் குறைத்தாள். நிழல் கரைந்தது. ஸ்வாதி தலையைத் தூக்கி, அம்மாவின் தோளுக்கு மேலே, யாருடைய முகத்தையோ பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

கணவன் தருண்குமார் உயிரோடு இருந்தவரை சௌம்யா அந்தப் பொத்தானைத் தொட்டதில்லை. ஹனூர்ப் பக்கம் சோளம் விதைக்கிற குடும்பத்தில் பிறந்து, கடலை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தவன், அதைக் கண்ணாடிக்குள் பிடித்து வைக்க வேண்டும் என்று வெறி கொண்டிருந்தான். புதிதாக வாங்கிய பவளத்தை முழு வெளிச்சத்தில் நிறுத்தக் கூடாது என்பான். குறைவாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பழக்க வேண்டும். அவசரப்பட்டால் அதன் நிறம் கழன்று, எலும்பு வெள்ளையாகிச் செத்துப்போகும். ஒருமுறை தூசி துடைக்கிறேன் என்று அவள் விளக்கைக் கொஞ்சம் நகர்த்திவிட்டாள்.

"கைய வெச்சீன்னா கையே இருக்காது, பாத்துக்க. உன்னயக் கொண்டுபோய் ஒரேடியா வெயில்ல நிறுத்தணும், அப்பத் தெரியும்."

அவன் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஹாலில் சுவரோரமாகவே நடந்தாள்.

மகளிடம் மட்டும் அவன் குரல் வேறு. நீலம் மட்டும் எரியும் வேளையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு, பச்சையாகவும் ஆரஞ்சாகவும் மின்னும் பவளங்களைக் காட்டுவான். "இது தானா மின்னாது சாமி. மேல இருந்து நீலம் பட்டாத்தான் மின்னும். மின்னுச்சுன்னா லைட்டு மேல இருக்குதுன்னு அர்த்தம்."

முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு ஒரு பவளத்தை நகர்த்திக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு நெஞ்சைப் பிடித்தது. சௌம்யா சமையலறையிலிருந்து வந்து பார்த்தபோது, கன்னம் கண்ணாடியில் ஒட்டியிருக்க, கண்கள் விளக்கைப் பார்த்தபடி, தொட்டியின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தான். அந்தத் தொட்டிக்கு முன்னாலேயே அவனைக் கிடத்தினார்கள். உடலை எடுத்துப்போன பிறகு, அவனுடைய அக்கா நாச்சம்மாள் அந்த இடத்தில் ஓர் அகல் விளக்கு வைத்தாள். மின்விசிறிக் காற்றில் அது நிற்கவில்லை. மறுபடி ஏற்றினாள். மறுபடியும் நிற்கவில்லை.

"இங்கயே டேங்க் லைட்டு எரியுதுங்களே, நங்கையா. அதே இருக்கட்டுங்க," என்றாள் சௌம்யா. அழுது களைத்திருந்தாள். எதுவோ ஒன்று நடந்து முடிந்தால் போதும் என்றிருந்தது.

நாச்சம்மாள் அண்ணாந்து பார்த்தாள். "கரண்டு வெளக்கா? ம்... என்ற தம்பிக்குப் பொண்டாட்டி புள்ளய விட அதுதான புடிக்கும். சரி, வெய்யி. ஆனா அவனுக்குன்னு சொல்லி வெச்சுட்ட. கருமாதியன்னிக்கு உன்ற கையால மலையேத்திப்போடு. மறந்துறாத."

அணைப்பது என்று அவர்கள் வீட்டில் சொல்ல மாட்டார்கள். விளக்கை மலையேற்றுவார்கள்.

கருமாதியன்று வீடு கொள்ளாத கூட்டம். பந்தி, பாத்திரம், பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்களின் அவசரம். விளக்கு அதன் நேரத்துக்குத் தானே அடங்கியது. மறுநாள் காலையில் தானே எழுந்தது.

அவள் முதன்முதலில் பார்த்ததற்கு மறுநாளும் நாற்காலி நிழல் அங்கே இருந்தது. குறைத்தாள். அதற்கடுத்த நாள் இன்னும் கறுத்திருந்தது. மோட்டாரின் முனகல், கண்ணாடியின் விளிம்பில் தண்ணீர் சளப்சளப்பென்று தொடும் ஓசை, மூடிவைத்த சிப்பியைத் திறந்ததுபோன்ற உப்பு வாடை எல்லாம் எப்போதும் உள்ளவைதான். ஆனால் இப்போது அந்த வாடை தொட்டியைவிட்டு நகர்ந்து, ஹாலின் நடுவில், ஓர் ஆள் நிற்கும் உயரத்தில் நின்றது. தரையைத் துடைக்கும்போது காய்ந்த உப்புப் புள்ளிகள் தட்டுப்பட்டன. ஈரக் கையிலிருந்து சொட்டியதுபோல, தொட்டியிலிருந்து தொடங்கி ஸ்வாதியின் பலகை வரை வந்து, அங்கே நின்றிருந்தன.

அந்த வாரந்தான் ஸ்வாதியின் நெற்றியில் ஒரு திட்டு வெளிறியது. தேமல் என்று சொல்லி டாக்டர் ஒரு களிம்பு கொடுத்தார். பள்ளிக்கூட மைதானத்து வெயில் என்றார்.

தொட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த உமேஷுக்கு சௌம்யா போன் செய்தாள். தருண்குமாரோடு பவளத்துண்டுகள் மாற்றிக்கொள்கிற சிநேகிதன், தட்டித்தடவித் தமிழ் பேசுகிறவன்.

"உமேஷ், இந்த லைட்டு தானாவே ஏறிக்கிட்டே போகுது. எதாச்சும் ரிப்பேரா?"

"தானா ஏறாது அக்கா. பட்டன்ல குறைக்கத்தான் முடியும். அண்ணாவோட மொபைல்ல இருந்து மட்டும்தான் அது ஏறும். மொபைல் யார் கிட்ட இருக்கு?"

"பீரோவுல. செத்த அன்னிக்கே ஆஃப் பண்ணி வெச்சது."

"அப்போ ஏறலை அக்கா, உங்க கண்ணுதான். பவளம் எப்படி இருக்கு நோடி, பாருங்க. வெள்ளே ஆயிருக்கா?"

அவள் பார்த்தாள். எல்லாம் கொழுகொழுவென்று, விரல்களை நீட்டிக்கொண்டு நன்றாக இருந்தன. முன்பைவிட நன்றாகவே.

"இல்ல."

"அஷ்டே, அவ்வளவுதான். லைட் ஜாஸ்தி ஆச்சுன்னா ஃபர்ஸ்ட் தலைதான் வெள்ளே ஆகும் அக்கா. மேல் பக்கம் மாத்ரம். சைடு ஆகாது, அடியில ஆகாது. தலை வெள்ளே ஆகலைன்னா லைட் ஏறலை." உமேஷ் சிரித்தான். "ஞாயித்துக்கிழமை வந்து எடுத்துக்கறேன். அண்ணா இருந்திருந்தா என்னை டேங்க் பக்கம் சேர்ப்பாரா? ஒதைச்சிருப்பாரு."

போனை வைத்துவிட்டு, தலை வாரிவிட ஸ்வாதியைப் பலகையிலேயே திருப்பி உட்காரவைத்தாள். மழை பிடித்திருந்தது. வகிடு எடுத்தாள். வகிட்டுக்குள் தோல் வெள்ளையாக இருந்தது. குழந்தைத் தலையின் வெளுப்பு இல்லை அது. சுண்ணாம்பு. சீப்பு நின்றது. காது மடல்களின் மேல்விளிம்பு வெள்ளை. மூக்கின் தண்டு வெள்ளை. கவுனின் கழுத்தை விலக்கிப் பார்த்தாள். இரண்டு தோள்களின் மேற்பக்கமும் வெள்ளை. முகவாய்க்கு அடியில், காதுக்குப் பின்னால், அக்குளில் எல்லாம் பழைய மாநிறம்.

மேல் பக்கம் மாத்ரம்.

"கண்ணு... இங்க உக்காந்திருக்கறப்ப யாராச்சும் வர்றாங்களா?"

"அப்பா."

"என்ன பண்றாரு?"

"லைட்ட ஏத்துறாரு." ஸ்வாதி பின்னலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டாள். "ஒரேடியா ஏத்துனா நான் செத்துருவேனாம்மா. அதனால கொஞ்சம் கொஞ்சமா. பழகிட்டா உள்ள வந்துரலாமாம். நீ கொறைக்கறேன்னு கோவமா இருக்காரு."

நாச்சம்மாளின் குரல் சௌம்யாவின் காதுக்குள் கேட்டது. உன்ற கையால. மறந்துறாத. யாரும் மலையேற்றவில்லை. அவனுக்கென்று வைத்த விளக்கு, தினமும் எழுந்து, தினமும் அடங்கி, இன்னும் அவனுக்காகவே எரிந்துகொண்டிருந்தது.

எழுந்தாள். இதுவரை போகாத வழியில், ஹாலின் குறுக்கே போனாள். சுவிட்ச் போர்டிலிருந்து விளக்கின் ஒயரைப் பிடுங்கினாள்.

"மலையேறிக்கங்க," என்றாள். "போதுங்க. புள்ளய உட்டுட்டு மலையேறிக்கங்க."

இருட்டு.

விளக்கையும் கொக்கியிலிருந்து கழற்றி, முகம் குப்புறத் தரையில் வைத்தாள். அது சூடாக இருந்தது, காய்ச்சல்காரனின் உள்ளங்கைபோல. கீழே உமாதேவி வீட்டுக் குக்கர் விசில் அடித்தது. மழை. மோட்டாரின் முனகல். அவள் மூச்சு விட்டாள். நாளைக்குக் காலை முதல் பஸ்ஸில் ஹனூர். தொட்டி எப்படியாவது போகட்டும்.

தண்ணீருக்குள் ஒரு பச்சைப் புள்ளி.

அதன் பக்கத்தில் ஆரஞ்சு. இன்னொரு பச்சை. ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றும் விரல்களை விரித்தது. தொட்டி முழுக்க மின்னியது.

மின்னுச்சுன்னா லைட்டு மேல இருக்குதுன்னு அர்த்தம்.

அண்ணாந்தாள். வெறும் கொக்கி. அது ஆடிக்கொண்டிருந்தது.

"ஸ்வாதி, வா. கீழ போலாம்."

திரும்பினாள்.

பலகையின் மேல் ஸ்வாதி எழுந்து நின்றிருந்தாள். முகம் கூரையைப் பார்த்து மலர்ந்திருந்தது. நெற்றி பச்சையாக மின்னியது. மூக்குத் தண்டு. காது விளிம்புகள். வகிடு. இரு தோள்கள். வாய் மெல்லத் திறந்து, மெல்ல மூடி, மறுபடி திறந்தது.

சௌம்யா அவள் கையைப் பற்றி இழுத்தாள். முழங்கை வரை ஈரம். குழந்தை அசையவில்லை. பலகையும் அசையவில்லை. பாதங்கள் பலகையோடு பலகையாக இருந்தன.

"இன்னும் கொஞ்சம், அப்பா," என்றாள் ஸ்வாதி.

பலகைக்கு அடியில், தரையில், குழந்தையின் நிழல் குட்டையாக விழுந்திருந்தது. முதலில் புகைபோல. பிறகு சாம்பலாக. சௌம்யா அந்த ஈரக் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, அது கறுத்தது. ஓரம் கூர்ந்தது. இன்னும் கறுத்தது.