பழைய கோட்டின் மேலே

மாளவிகா வெஸ்ட் வின்ட்சரிலிருந்து அரை மணி நேரம் காரோட்டி அந்த வீட்டுக்கு வந்தபோது, பிற்பகல் வெயில் ஜன்னலில் சாய்ந்திருந்தது. நூறு வருடங்களுக்கு முன் ஹார்லன் வீட் என்ற ஓவியர் வாழ்ந்த வீடு; இப்போது ஓவியர்கள் வந்து வரைய விடுகிறார்கள். கண்ணில் பட்டதை மட்டுமே வரைந்தவர். அவர் வழியில் வரையும் இன்றைய ஓவியர்களின் கண்காட்சிக்கு அவளும் ஒரு படம் தரவேண்டும். அதை நம்பித்தான் வேலையை விட்டிருந்தாள். கெடு வெள்ளிக்கிழமை.

மாடலாக உட்காரத் தோழி மேர்சி வந்திருந்தாள். ஜன்னலோர நாற்காலியடியில், இரண்டு பாதங்களைச் சுற்றி மங்கிய சாக்பீஸ் கோடு. இடைவேளைக்கு எழுந்து போகும் மாடல் திரும்பி வந்து அதே இடத்தில் கால் வைக்க, ஓவியர்கள் போடும் குறி.

"பழைய மாடல் பிரேக்குக்குப் போனவ, இன்னும் வரேல்லப் போல," என்று சிரித்தாள் மேர்சி. "என்ர கால் இதுக்குள்ள வடிவாப் பொருந்துது."

"அப்போ இதையே யூஸ் பண்ணிக்கலாம்டி."

மாளவிகா குனிந்து, பழைய கோட்டின் மேலேயே புதிதாக அழுத்தி வரைந்தாள்.

வியாழக்கிழமை அவள் வரத் தாமதமாயிற்று. ஜன்னல் வெளிச்சத்துக்கு முன்னால் உருவம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது.

"ஸாரிடி, செம டிராஃபிக்."

பதிலுக்குக் காத்திராமல் தூரிகையை எடுத்தாள். வரையும்போது கண்ணைப் பாதி மூடிக்கொள்வாள். இருளும் ஒளியும் மட்டும் தெரியும், முகம் தெரியாது. ஒரு மணி நேரம் போனது. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நெடிக்கு அடியில் ஈரக் கம்பளியின் வாடை. முகம் மட்டும் பாக்கி.

போன் அதிர்ந்தது. மேர்சி.

"மாளு, கோவிக்காத. கார் ஸ்டார்ட் ஆகேல்ல. இன்னும் வீட்டிலதான் நிக்கிறன்."

அவள் கண்ணை முழுதாகத் திறக்கவில்லை.

எழுந்து ஓடினால் படம் போயிற்று.

"யூ கேன் ரெஸ்ட் நவ்," என்றாள், வெறும் காற்றாக வந்த குரலில்.

நாற்காலி கிறீச்சிட்டது. வெறுங்கால்களின் சத்தம் வாசல் பக்கம் போகவில்லை. இடைவேளையில் எல்லா மாடல்களும் செய்வதைத்தான் அதுவும் செய்தது. சுற்றி வந்து, அவள் முதுகுக்குப் பின்னால் நின்று படத்தைப் பார்த்தது.

நெடுநேரம் பார்த்தது.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஐந்து விரல்கள் இழுத்த தடத்துடனேயே படம் கண்காட்சியில் தொங்கியது. எல்லோரும் அதைத்தான் புகழ்ந்தார்கள். மாளவிகா அந்தப் பக்கமே போகவில்லை.

மூன்றாவது வாரம் கண்காட்சிக் கூடத்துப் பொறுப்பாளர் மயில்சாமி அங்கிள் போன் செய்தார்.

"ஏம்மா, மாட்டின படத்துல வந்து வந்து டச்-அப் பண்ணாதம்மா. பெயின்ட் ஈரமா இருக்கு, எல்லாரும் தொட்டுடுவாங்க. ஆனா சும்மா சொல்லக் கூடாது, நேத்து போட்ட கண்ணு இருக்கே, அப்படியே ஆளைப் பார்க்குது."