கொக்குகள் விட்ட இடம்

வாய்க்கால் கரையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு மீரா உசேன் கேமராப் பையை இறக்கினார்.

ஆனி மாதம். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. சுற்றிலும் உழவு நடந்துகொண்டிருந்தது. நடுவில் இந்த ஒரு வயல் மட்டும் காய்ந்து வெடித்துக் கிடந்தது. அதன் மறுகோடியில் பண்ணையின் பழைய நெற்களஞ்சியம். செங்கல் சுவர், சரிந்த ஓடு, சுவரைப் பிளந்து வளர்ந்த அரசங்கன்று. நிலமும் களஞ்சியமும் வழக்கில் இருந்தன. மூன்று வருடமாக அங்கே யாரும் ஏர் பூட்டவில்லை.

மீரா உசேனுக்கு நன்னிலத்தில் ஸ்டுடியோ. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட். வேலை இல்லாத மாலைகளில் பறவைகளை எடுப்பார். இந்த முறை மாயவரத்து அச்சகக்காரர் அப்துல் ஹமீது காலண்டருக்குக் கேட்டிருந்தார்.

"பழைய கட்டடம் ஒண்ணு, பறவை நாலு. ஆளு வேணாம் பாய்."

"ஏன், ஆளு என்ன பாவம் பண்ணிச்சு?"

"ஆளுன்னா தோள்ல துண்டு இருக்கும். துண்டுல கரை இருக்கும். கரையப் பாத்துட்டு இது எந்தக் கட்சிம்பான். கொக்குன்னா வெள்ளை. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

கொக்குகள் இருந்தன. ஏருக்குப் பின்னால் நடந்து, புரளும் மண்ணில் புழு பொறுக்கும் கொக்குகள். பக்கத்து வயல்களில் அத்தனை ஏர் ஓடியும் அங்கே ஒன்றும் இல்லை. எல்லாம் இந்தக் காய்ந்த வயலில் இருந்தன. வரிசையாக, நிதானமாக, முன்னால் எதுவோ போவதுபோல அதன் பின்னால் நடந்தன.

மீரா உசேன் அதைப் பற்றி யோசிக்கவில்லை. வெளிச்சம் குறைவதற்குள் எடுக்க வேண்டும்.

அவருடையது மேலிருந்து குனிந்து பார்க்கும் கேமரா. பெட்டியின் தலையில் ஒரு கண்ணாடித் தட்டு. எதிரில் இருப்பது அதில் இடவலம் மாறித் தெரியும். முக்காலியில் பொருத்திக் குனிந்தார். களஞ்சியம் தெளிந்தது. கொக்குகள் தெளிந்தன.

கொக்குகளுக்கு முன்னால் ஓர் ஆள் நின்றான்.

வெற்றுடம்பு. இடுப்பில் கோவணம். தலையில் துண்டைக் கட்டி இடது காதோரம் முடிச்சுப் போட்டிருந்தான்.

மீரா உசேன் நிமிரவில்லை. "ஏம்பா, கொஞ்சம் தள்ளிக்க."

அந்த ஆள் தள்ளிக்கொண்டான். கண்ணாடியின் விளிம்பைத் தாண்டிப் போனான். கொக்குகள் அப்படியே நின்றன. மீரா உசேன் பொத்தானை அழுத்தினார்.

பிறகு நிமிர்ந்தார்.

வயலில் யாரும் இல்லை. ஒளிய ஒரு புதர்கூட இல்லை.

காற்று வந்தது. அதில் அப்போதுதான் உழுத சேற்றின் வாசனை இருந்தது. அவர் காலடியில் மண் வெடித்துக் கிடந்தது.

"யாரோட பேசுனீங்க?"

பின்னால் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் புல்லுக்கட்டு, கையில் அரிவாள்.

"இங்க நின்னாரே, அவருகிட்டதான்."

"நான் அப்பலேருந்து நிக்கிறேன். யாரும் இல்லீங்களே."

அவள் புல்லுக்கட்டை இறக்கினாள்.

"தலையில துண்டு கட்டியிருந்தாங்களா?"

"ஆமாம்மா."

"முடிச்சு எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவள் முகம் வாடியது. "அப்ப இல்ல. ஊர்ல எல்லாரும் இடப்பக்கந்தான் போடுவாங்க. எங்க வூட்டுக்காரரு ஒருத்தருதான் வலப்பக்கம்."

மீரா உசேன் கேமராவைப் பார்த்தார். கண்ணாடியில் இடமாகத் தெரிந்தது வெளியே வலம். சொல்லலாமா என்று யோசித்தார். சொன்னார்.

அவள் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் பெயர் எல்லையம்மாள். மூன்று வருடத்துக்கு முன் அறுப்பில் கூலிச் சண்டை. "எங்க ஆளுங்க அரைப்படி நெல்லு கூடக் கேட்டாங்க. பண்ணையில வெளியூரு ஆள எறக்குனாங்க. அன்னிக்கி சாயந்திரம் இவரக் கூப்புட்டுக்கிட்டு அந்தக் கட்டடத்துக்குள்ள போனாங்க. ஊரே பாத்துச்சு. போலீசு கேட்டப்ப ஒருத்தரும் பாக்கல. இப்ப அந்த அரைப்படியக் குடுக்குறாங்க. சர்க்காரே சொல்லிடுச்சு. வாங்கத்தான் அவரு இல்ல."

அவள் நெற்றியில் குங்குமம் இருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிறு.

"பம்பாயில இருக்காருங்கிறாங்க. மலேயாவுக்குக் கப்பலேறிட்டாருங்கிறாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கிறது." அவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள். "முகம் எப்படி இருந்துச்சு?"

மீரா உசேன் யோசித்தார். முன்னால் நின்ற கொக்கின் கண் மஞ்சள். அலகு நுனியில் சேறு. ஒரு காலை மடக்கியிருந்தது. எல்லாம் நினைவிருந்தது.

"முகத்தப் பாக்கலம்மா."

"எனக்கும் மறந்துபோச்சு," என்றாள். "ஒரு போட்டோ எடுத்ததில்ல. கையி ஞாவகம் இருக்கு. இருமுறது ஞாவகம் இருக்கு. முகம் வர மாட்டேங்குது. கனவுல வந்தாலும் முதுகுதான்."

அன்று இரவு ஃபிலிமைக் கழுவினார். களஞ்சியம் இருந்தது, கொக்குகள் இருந்தன. கொக்குகளுக்கு முன்னால், படத்தின் நடுவில், ஓர் ஆள் நிற்கும் அகலத்துக்கு வெறும் மண் இருந்தது.

அவருக்குப் பயமாக இருந்தது. ஆனாலும் மறுநாள் மாலை போனார். எல்லையம்மாள் தலைசீவிப் பூவைத்துக் காத்திருந்தாள்.

கொக்குகள் நடந்துகொண்டிருந்தன. வெறும் கண்ணுக்கு வேறொன்றும் இல்லை. மீரா உசேன் குனிந்தார்.

கண்ணாடியில் இருந்தான். நேற்றைவிடத் தூரத்தில். களஞ்சியத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தான்.

அவர் விலகி, அவளைப் பார்க்கச் சொன்னார். விரலை மட்டும் பொத்தானில் வைத்துக்கொண்டார்.

"தெரியுதாம்மா?"

அவள் கண்ணாடியை ஒட்டிக் குனிந்தாள்.

"முதுகு."

"திரும்பலயா?"

"நீங்க தள்ளிக்கன்னு சொன்னீங்கல்ல. இன்னும் தள்ளிப் போய்க்கிட்டே இருக்காரு. யாரு சொன்னாலும் தள்ளிப்பாரு. அந்த அரைப்படிக்கு மட்டுந்தான் தள்ளிக்கல."

மீரா உசேன் வயலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "அண்ணே, நில்லுங்க. தெரியாம சொல்லிட்டேன். இங்க வாங்கண்ணே."

கொக்குகள் நடந்தன.

"திரும்பலீங்க. கட்டடத்துகிட்ட போய்ட்டாரு."

"பேரச் சொல்லிக் கூப்புடும்மா. பேரு என்ன?"

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம்மா."

"சொன்னதில்லீங்க. போலீசுல கேட்டப்பகூட பக்கத்து வூட்டுத் துரைக்கண்ணுதான் சொன்னாரு. பொஞ்சாதி வாயால பேரு சொன்னா ஆயுசு கொறையும்."

"அம்மா…"

"இருக்காருன்னு நெனச்சுத்தானே சொல்லாம இருக்கேன்."

எங்கோ தொலைவில் பள்ளிவாசலில் அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. அவள் கண்ணாடியிலிருந்து பார்வையை எடுக்கவில்லை. உதடு இரண்டு முறை அசைந்தது. ஓசை வரவில்லை.

"வாசல்கிட்ட போய்ட்டாரு," என்றாள்.

பிறகு சொன்னாள்.

"காத்தான்."

கொக்குகள் நின்றன.

"காத்தான்!"

எல்லாக் கொக்குகளும் ஒரே சமயத்தில் இவர்கள் பக்கம் திரும்பின.

சேற்றின் வாசனை மூச்சடைத்தது. மீரா உசேன் பொத்தானை அழுத்தினார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அவளுடைய வகிடும், கண்ணாடிமேல் விழுந்த ஒரு சொட்டும்தான். அவசரமாக முந்தானையால் அதைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள்.

"மேலுதட்டுல வெட்டு," என்றாள் மெதுவாக. "மாடு முட்டுனது. அதத்தான் மறந்துட்டேன்."

இருட்டும் வரை குனிந்தே இருந்தாள். அவர் போகலாம் என்று சொல்லவில்லை.

சில நாள் கழித்து ஸ்டுடியோவுக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. கழுத்தும். மீரா உசேன் இரண்டாம் நாள் படத்தின் பிரதியை எடுத்துக் கொடுத்தார்.

"படத்துல அவரு விழலம்மா."

அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கொக்கெல்லாம் நின்னுருக்கு பாருங்க. அவரு நின்னாருன்னுதானே அதுவும் நின்னுது. இது போதும்."

முந்தானையில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

காலண்டருக்கு அப்துல் ஹமீது முதல் நாள் படத்தைத் தேர்ந்தெடுத்தார். "நடுவுல தோதா எடம் வுட்டு எடுத்துருக்கீங்க பாய்," என்றார். அந்த இடத்தில் ஓர் அரிசி மண்டியின் பெயரை அச்சடித்தார். நன்னிலம் கடைத்தெருவில் அது வருடம் முழுக்கத் தொங்கியது. மீரா உசேன் அந்தக் கடைகளில் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

யாரையும் தள்ளி நிற்கச் சொல்வதையும் விட்டுவிட்டார்.

அடுத்த சித்திரையில் ஒரு கல்யாண ஜோடி வந்தது. மாப்பிள்ளை தியாகு, பெண் சௌந்தரநாயகி. இரண்டு பேரையும் திரைக்கு முன்னால் உட்கார வைத்தார். விளக்கைப் போட்டார். குனிந்தார்.

கண்ணாடியில் பெண்ணுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நின்றான். துண்டின் முடிச்சு இடது காதோரம் இருந்தது.

மீரா உசேன் அழுத்தவில்லை. விரல் பொத்தானில் அப்படியே இருந்தது.

அந்த ஆள் ஜோடியைப் பார்த்தான். கேமராவைப் பார்த்தான். யாரும் சொல்லாமல், தானாகவே, விளிம்புக்கு வெளியே தள்ளிக்கொண்டான்.

"நில்லுங்கண்ணே," என்றார் மீரா உசேன், குனிந்தபடியே.

மாப்பிள்ளை சிரித்தான். "உக்காந்துதானே இருக்கோம் பாய்."

பெண் மூக்கைச் சுளித்துச் சுற்றிலும் பார்த்தாள்.

"பக்கத்துல எங்கயாச்சும் உழவு ஓடுதா?"

ஆற்றில் தண்ணீர் நின்று மூன்று மாதம் ஆகியிருந்தது.