ரஞ்சிதாவுக்கு ஒரு பரண் கட்டில்

“அந்தச் சட்டத்தை விடுங்க... நான்தான் மொதல்ல பார்த்தேன்.”

கீரமங்கலத்துப் பழைய மரக்கடையில், ஒரே தேக்குச் சட்டத்தின் ஒரு முனையைச் சிவரஞ்சனி பிடித்திருந்தாள். மறுமுனையில் அவன்... மழைத்துளி தங்கிய இமைகள். அதற்குக் கீழே சிரிக்கிற கண்கள்.

“ஆட்டுக்குப் பரண் போடணுங்க.”

“நான் என் தங்கச்சிக்குப் போடணும். ஆடு காத்திருக்கும்.”

அவன் சட்டத்தை விட்டுவிட்டான்.

மழை விடும்வரை பேசினார்கள். அவன் பெயர் பிரசாந்த். ஆட்டுப்பண்ணை வைத்திருந்தான். அவள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன். வாடகை அறையில் ஒரு கட்டிலுக்குத்தான் இடம். தங்கை ரஞ்சிதாவுக்கு உள்ளூர்க் கல்லூரியில் சீட் கிடைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அறையைப் பார்க்க வருவார். தங்கை படுக்கவும் படிக்கவும் இடமில்லை என்றால் படிப்பே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால்தான் மேலே கட்டில், கீழே மேசை. ஆனால் ஆசாரி கேட்ட கூலி அவள் கைக்கு எட்டவில்லை.

ஆட்டுக்குப் பரண் கட்டிய கை, இதையும் கட்டிவிடும் என்றான் அவன்.

மாலைகளில் வந்தான். கதவு திறந்தே இருக்கும். அவன் அளந்து அறுப்பான். அவள் தரையில் உட்கார்ந்து உப்புத்தாள் தேய்ப்பாள். எந்த ஆடு எவ்வளவு சேட்டை என்று அவன் சொல்ல, அவள் சிரித்துக்கொண்டே இருப்பாள்...

சனிக்கிழமை கட்டில் நின்றது. ஆசையாக ஏறி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்துக்கு நேரே சீலிங் ஃபேன். நல்லவேளை, ஓடவில்லை.

“இதைப் பார்க்கவே இல்லையா?”

“ஆட்டுக்கொட்டகையில ஃபேன் கெடையாதுங்களே...”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் அப்பா.

“ஆடு வளக்கிறவர்கிட்ட குடுத்தேன் பாருங்க, என்னயச் சொல்லணும்.”

அவன் கண்களில் இருந்த சிரிப்பு அணைந்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவளுக்கு உறுத்தியது. அதே ஃபேனுக்குக் கீழேதானே நானும் இருந்தேன்... நான் ஏன் அண்ணாந்து பார்க்கவில்லை?

காலையில் மழையோடு வந்து நின்றான், பாலித்தீன் சுற்றிய சுவர் ஃபேனோடு. சீலிங் ஃபேனைக் கழற்றினான், இதை மாட்டினான்.

அப்பா வந்து கட்டில் காலை அசைத்துப் பார்த்தார். ஏறினார், படுத்தார்... குறட்டையே விட்டுவிட்டார். எழுந்ததும், “ரஞ்சிதாவ நாளைக்கே வரச் சொல்லும்மா” என்றார்.

வாசலில் காத்திருந்தவன் பைக்கைக் கிளப்பும் சத்தம். சிவரஞ்சனி குடையோடு ஓடினாள்.

“அந்த ஃபேன் ஏது?”

“என் ரூம்ல இருந்துச்சு.”

“அப்ப ஒங்களுக்கு?”

“ஆட்டுப் பரண்ல நல்லா காத்து வரும்.”

“நேத்து நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது...”

“தப்பு என் மேலதாங்க.” அவன் பைக் இன்ஜினை அணைத்தான். “அத்தன நாளும் நான் மேல பாக்கவே இல்ல. நீங்க கீழ உக்காந்து உப்புத்தாள் தேச்சுக்கிட்டு இருந்தீங்க...”

மழை வலுத்தது. அவள் குடையை அவன் பக்கம் சாய்த்தாள்.

“நானுந்தான் மேல பாக்கல” என்றாள்.