வேலிக்குள் ஒருவர்

திரையில் பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்று என்று இருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். ஒன்றுதான்.

அந்தக் காகித ஆலையின் பெரிய இயந்திரத்தைச் சுற்றி இரும்பு வேலி போட்டிருந்தார்கள். உள்ளே போகிறவர் வாசலில் தன் கார்டைத் தேய்த்துவிட்டுப் போக வேண்டும், வரும்போது மறுபடி தேய்க்க வேண்டும். வேலிக்குள் எத்தனை பேர் என்ற கணக்கை அவள் முன்னால் இரைந்துகொண்டிருக்கும் பழைய லினக்ஸ் சர்வர் தன் தரவுத்தளத்தில் வைத்திருக்கும். ஒரே ஒருவர் உள்ளே இருந்தாலும் உருளைகள் சுழலாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, ஆலைக்கு ஓய்வு. தரவுத்தள மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்காக அவள் வந்திருந்தாள். மாற்றும்போது சர்வர் கணக்குச் சொல்லாது. ஆகையால் எல்லாரும் வெளியே வந்துவிட்டார்களா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

காலையிலிருந்து உள்ளே இருந்தது அவளுடைய அண்ணன் மட்டும்தான். அவன் அங்கே ஃபிட்டர். போன் போட்டாள்.

"அண்ணா, வெளிய வந்துட்டியா இல்லையா?"

"வந்து, கை கழுவி, டீயும் குடிச்சாச்சு. கேட்ல கேப்டன்கூட உக்காந்திருக்கேன். ஏன், கம்ப்யூட்டர் டாக்டருக்கு நாடி புடிபடலையா?"

"கார்டு தேய்ச்சியா?"

"ரெண்டு தடவை தேய்ச்சேன். மூஞ்சியையும் தேய்க்கணும்னா சொல்லு, வரேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உலகத்தில் அவளுக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தம் அவன். உருளை மேல் பல்லி ஓடினால்கூட அதைப் பிடித்து வெளியே விட்டுவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவான். அதற்காக மற்றவர்கள் கேலி செய்தாலும் கண்டுகொள்ள மாட்டான்.

அறையில் சூடேறிய தூசியின் வாடை. சுவரில் பதித்த பெரிய கண்ணாடிக்கு அப்பால் இயந்திரக் கூடம், கூரையின் பிளாஸ்டிக் தகடுகள் வழியே இறங்கிய பழுப்பு வெளிச்சத்தில், வரிசையாக நிற்கும் உருளைகளோடு, ஈரக்காகிதக் கூழின் புளித்த நாற்றத்தோடு, தண்ணீர் எங்கோ சொட்டுகிற சத்தத்தோடு, யாருமில்லாமல் கிடந்தது. தரவுத்தளத்தில் தேடினாள். பெயர் இல்லாத ஒரு கார்டு, எண் மட்டும். உள்ளே போனது பல வருடங்களுக்கு முன்பு. வெளியே வந்த நேரம் எழுதப்படவே இல்லை.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இவளுக்கு முன் இந்த வேலையைப் பார்த்தவர், கணக்கில் ஒன்றைக் கழித்துக் காட்டும்படி பழைய பதிப்பில் ஒரு சிறு நிரலை ஒட்டு போட்டு வைத்திருந்தார். வேறு யாரும் அந்த மென்பொருள் பொதிகளைப் புதுப்பித்துவிடாதபடி தடையும் போட்டிருந்தார். காலையில் வந்ததும் தடையை எடுத்து, ஒட்டையும் பிரித்துப் போட்டது இவள்தான். பழைய சர்வர் என்றால் குப்பை இருக்கத்தான் செய்யும் என்று நினைத்தாளே தவிர, ஏன் ஒட்டினார் என்று யாரையும் கேட்கவில்லை.

காவலாளியைக் கூப்பிட்டாள். எல்லாருக்கும் அவர் கேப்டன். அவள் எண்ணைப் படித்ததும் அவர் குரல் தணிந்தது.

"அது ஒரு ஹெல்பர்மா. கான்ட்ராக்ட் ஆளு, பேர்கூட யாரும் சரியா கேட்டுக்கல. காகிதம் கிழிஞ்சுதுன்னு நுனியை எடுத்து விடப் போனான். உருளை கையைப் புடிச்சுக்கிச்சு."

"உடனே நிறுத்தலையா?"



"பெரிய ஆர்டர். ஓடற சுருள் முடியட்டும்னு சொல்லிட்டாங்க. எப்படியும் போயிட்டான்னு நெனைச்சாங்க. போகலம்மா. தோள் வரைக்கும் உள்ள இருந்துச்சு, அவன் இன்னொரு கையை நீட்டி நீட்டிக் கூப்பிட்டான். யாரும் கிட்ட போய்ப் புடிக்கல. நானும் போகல. உடம்பை முழுசா எடுக்கவும் முடியல. வேலி, கார்டு எல்லாம் சரியா இருக்குதான்னு பரிசோதிக்க வெச்ச அன்னிக்கே நடந்ததும்மா, மெஷினோட அதை இன்னும் இணைக்கல."

அவள் நெஞ்சுக்குள் கடவுளின் பெயரைச் சொன்னாள். மேனேஜருக்குச் செய்தி அனுப்பியபோது பதில் உடனே வந்தது. நாளைக்கு மெஷின் ஓடணும், அந்த ஆளை வெளிய தள்ளிட்டு வேலையை முடி.

வெளியே வந்த நேரம் என்ற இடத்தில் இன்றைய தேதியை இட்டாள். மனம் கேட்காமல், "போயிட்டு வாங்க" என்று மெல்லச் சொன்னாள்.

பூஜ்யம்.

கூடத்தில் தொம் என்று ஒரு சத்தம். இரும்பில் சதை மோதுகிற சத்தம்.

ஒன்று.

ஏதோ ஒரு நிரல் பழைய தகவலைத் திரும்ப எழுதுகிறது, அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடி வெளியேற்றினாள். தொம். ஒன்று. இன்னொரு தடவை. இந்த முறை கண்ணாடி அதிர்ந்தது. மேசையில் இருந்த பேனா உருண்டு விழுந்தது. கூடத்தில் எதுவும் அசையவில்லை. ஆனால் நடு உருளைகள் இரண்டுக்கும் இடையே இருந்த இடுக்கிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது. எண்ணெயாக இருக்கும். எண்ணெய்தான்.

கணக்கு வராவிட்டால் வேலி இயந்திரத்தைப் பூட்டிவிடும், பிறகு திறப்பது பெரிய பாடு. இது போன்ற சமயங்களில் அவள் தொழிலில் எல்லாரும் செய்கிற ஒரு குறுக்கு வழி உண்டு. தரவுத்தளம் நின்றிருக்கும் வரை, வேலி எத்தனை தடவை கேட்டாலும் 'யாரும் இல்லை' என்று மட்டும் பதில் சொல்லும் ஒரு சிறு நிரலை அதன் இடத்தில் உட்கார வைப்பது. கேப்டனிடம் யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று சொல்லிவிட்டு அதையே செய்தாள். இல்லை என்று எழுதிவிட்டால் இல்லைதான். அப்படித்தான் அன்றும் நினைத்திருப்பார்கள். அந்த எண்ணம் வந்ததும் விரல் ஒரு கணம் தயங்கியது. அழுத்தினாள்.

காப்புப் பிரதி எடுத்தாகிவிட்டது. தரவுத்தளத்தை நிறுத்தினாள். புதுப்பிக்கும் கட்டளையைக் கொடுத்தாள். திரையில் வரிகள் ஓடின. பழைய பொதி ஒன்று நீக்கப்பட்டது. தொம். அடுத்தது. தொம். ஒவ்வொரு பொதியாகப் பிரிந்து விழ விழ, கூடத்துக்குள் யாரோ உடம்பைத் தூக்கித் தூக்கி இரும்பில் அடிப்பது போலச் சத்தம் கிட்டே வந்தது. நடுவில் ஒரு முனகல். சர்வரின் விசிறி என்று நினைக்கப் பார்த்தாள். விசிறி அழாது.

திரை நின்றது. பழைய அமைப்புக் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை எழுதவா என்று கேட்டது. பதில் சொல்லாமல் மேலே போகாது.

போன் அடித்தது. கேப்டன்.

"அம்மா, உங்கண்ணன் உள்ள ஓடிட்டாம்மா! யாரோ மாட்டிக்கிட்டுக் கத்தறாங்கன்னான். எனக்கு ஒண்ணும் கேக்கல. போகாதேடான்னேன், என்னைத் தள்ளிட்டு ஓடிட்டான்!"

அவள் நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அப்பால் அண்ணன். நடு உருளைகளின் மேல் குனிந்திருந்தான். வலது கை இடுக்குக்குள். யாரையோ பிடித்து இழுத்துக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. தைரியம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வேலி கேட்டது. நிரல் சொன்னது, யாரும் இல்லை.

உருளைகள் சுழல ஆரம்பித்தன.

பொத்தானை யாரும் தொடவில்லை.

அவள் ஓடினாள். கதவு. படி. வேலி. அவசரத்துக்கு நிறுத்தவென்று கட்டியிருந்த சிவப்புக் கயிற்றை எட்டிப் பிடித்து இழுத்தாள். இயந்திரம் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மறுபடி இழுத்தாள். கயிறு கையோடு அறுந்து வந்தது.

"அண்ணா, கையை எடு!"

"பாப்பா, இவன் உயிரோட இருக்கான்! கை சூடா இருக்கு பாரு. இழு, என்னைப் புடிச்சு இழு!"

"விட்டுடு அவனை!"

"எப்படிடீ விடறது?"

முழங்கை போனது. எலும்பு உடையும் சத்தம் ஈரமாக, வரிசையாகக் கேட்டது. அப்போதுதான் அவன் அலறினான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு, காலை இரும்பில் ஊன்றிப் பின்னுக்கு இழுத்தாள். சட்டை கிழிந்தது. சூடான ரத்தம் அவள் முகத்தில் அடித்தது, கண்ணாடி சிவந்து கண் தெரியவில்லை. கேப்டன் ஓடி வந்து அவளோடு சேர்ந்து இழுத்தார். பயனில்லை. தோள் உருளையைத் தொட்டது. அண்ணனின் கன்னம் இரும்போடு ஒட்டி இழுபட்டது.

இடுக்கின் மறு ஓரத்தில் இன்னொரு கை வெளியே நீண்டிருந்தது. காகிதம் போலத் தட்டையாக, வெளுத்து. விரல்கள் மட்டும் திறந்து திறந்து மூடின. காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன.

அவள் பார்த்தாள். இத்தனை வருடமாக அது கேட்டுக்கொண்டிருந்தது பிடித்துக்கொள்ள ஒரு கை, அவ்வளவுதான்.

"அண்ணா," என்றாள் அதனிடம். "உங்களையும் அண்ணான்னே கூப்பிடறேன். உங்க கையை அன்னிக்கு யாரும் புடிக்கல. தப்புதான். நான் புடிச்சுக்கறேன். இவனை விட்டுடுங்க."

அண்ணனை விட்டுவிட்டு, சுற்றிப் போய், அந்தக் கைக்குள் தன் கையை வைத்தாள்.

உருளைகள் நின்றன.

பின்னால் அண்ணன் சரிந்து தரையில் விழுந்தான். தோளுக்குக் கீழே அவனுக்குக் கை என்று ஒன்று இல்லை. ஆனால் மூச்சு இருந்தது. கேப்டன் பெல்ட்டைக் கழற்றித் தோளை இறுக்கிக் கட்டினார்.

"தூக்கிட்டு ஓடுங்க கேப்டன்."

"நீ வாம்மா!"

"வரேன். நீங்க முதல்ல அவனைப் பாருங்க. ஓடுங்க!"

அவர் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார். ரத்தத்தில் வழுக்கும் செருப்புச் சத்தம் தூரத்தில் தேய்ந்தது. கதவு மூடிக்கொண்டது. அவன் பிழைத்துக்கொள்வான். கடவுளே, பிழைத்துக்கொள்வான்.

அந்தக் கை மெல்லச் சூடேறியது. பஞ்சு போல இருந்தது. அவள் அதை வருடிக் கொடுத்தாள். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைத் தட்டுவது போலத் தட்டினாள். "இருக்கேன், இங்கதான் இருக்கேன்" என்றாள். விரல்கள் நன்றியோடு இறுகின. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அவள் தன் கையை மெதுவாக உருவப் பார்த்தாள்.

விரல்கள் விடவில்லை.

இடுக்குக்குள்ளிருந்து இன்னொரு கை வந்தது. அது தட்டையாக இல்லை. விரலிடுக்கில் கிரீஸ் கறை. அவள் அண்ணனின் கை. அது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது, சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது பிடிப்பானே, அதே மாதிரி.

பிறகு உருளைகள் மறுபடி சுழல ஆரம்பித்தன. மிக மெதுவாக. அவளுக்கு வலித்துவிடக் கூடாது என்பது போல.