முந்திரியின் மெய்ப்பரப்பு

முந்திரி மூன்றாவது முறையாகப் புல்வெளியில் மோதி விழுந்தது.

விழுந்த வேகத்திலேயே எழுந்து, முன்னங்கால்களால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மறுபடியும் அதே இடத்துக்கு ஓடியது. அதன் எதிரே அடிவானம் வரைக்கும் பச்சைப் புல். தொலைவில் ஓர் ஓடை மினுங்கியது. காற்றில் புல் சாய்வதும் நிமிர்வதும் அத்தனை நிஜமாக இருந்தது. முந்திரி அந்தப் புல்லுக்குள் தலையை நுழைத்தது. 'டொக்' என்று சத்தம் கேட்டது.

பிலோமினா குனிந்து பார்த்தாள். கையளவுகூட இல்லாத அந்த ஹாம்ஸ்டரின் மூக்கின் மேல் ரோமம் முழுக்க உதிர்ந்து போயிருந்தது. தோல் சிவந்து, நடுவில் ஒரு பொட்டு ரத்தம்.

"ஏம்மா பார்த்துப் போக மாட்டேங்குது?" என்றாள் ஷைனி. எட்டு வயதுக் குழந்தை. அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டாள். "செத்துப் போயிருமா?"

"அப்படியெல்லாம் விட்டுருவேனாடி?" என்றாள் பிலோமினா.

அது 'வெட்டவெளி' கம்பெனியின் கூண்டு. நான்கு பக்கமும் காட்சிச்சுவர். பார்ப்பவரின் கண் எங்கே திரும்புகிறது என்று கவனித்து, அதற்கேற்பத் தொலைவைக் காட்டுகிற சுவர் அது. பார்க்கப் பார்க்க மனம் விரியும், மூச்சு நிதானப்படும். அப்படி விரிந்த மனம் எத்தனை சதுர அடி என்று கருவியால் அளந்து சொல்லவும் முடிந்தது. அதற்கு உணர்பரப்பு என்று பெயர். கூண்டின் மேல் ஒட்டியிருந்த முத்திரையில் 'உணர்பரப்பு நாற்பது சதுர அடி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அதன் கீழே எறும்பு எழுத்தில் 'மெய்ப்பரப்பு ஒன்றரை'.

வீடுகளுக்கும் இதே கணக்குதான். ஊரில் இடமில்லாமல் போனபோது உணர்பரப்பையே பரப்பு என்று சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. செங்கல்பட்டு தாண்டி எழும்பி நின்ற 'ஆகாயம்' குடியிருப்பின் முப்பத்தோராவது மாடியில் பிலோமினாவின் வீடும் பத்திரத்தில் ஆயிரத்து நானூறு சதுர அடி. அவர்கள் வீட்டுச் சுவரில் தேயிலைத் தோட்டம் இருந்தது, மேகம் இறங்கியது. கட்டிலைச் சுற்றி வர வேண்டுமானால் மட்டும் ஒருக்களித்து நடக்க வேண்டும். அதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை.

மறுநாளே பிலோமினா கூண்டைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாள். முந்திரியை ஒரு டப்பாவில் வைத்து ஷைனி கூடவே வந்தாள். விற்பனைப் பையன் கோகுல் சிரித்த முகமாக வரவேற்றான்.

"மேடம், இந்த மாடல்ல கம்ப்ளெய்ண்ட்டே வந்ததில்ல."

"யாரு கொடுக்கணும், எலியா வந்து கொடுக்கும்?"

"ஐயோ, அப்படி இல்ல. இது டெஸ்ட் பண்ணின கூண்டு மேடம். நானூறு டெஸ்ட் பண்ணியிருக்கோம்."

"நானூறு ஹாம்ஸ்டரை விட்டுப் பார்த்தீங்களா?"

"இல்ல மேடம். நானூறு கஸ்டமர். கூண்டைப் பார்க்கச் சொல்லி, எவ்வளவு விசாலமா தோணுதுன்னு மெஷின் வச்சு அளந்தாங்க. எல்லாருக்கும் நாற்பது அடிக்கு மேல வந்துச்சு."

பிலோமினாவுக்குக் காது மடல் சூடேறியது. அவள் சத்தம் போட்டுப் பேசுகிற பெண் இல்லை. பேருந்தில் காலை மிதித்தவரிடம்கூட "பரவாயில்லைங்க" என்று சொல்லிப் பழகியவள்.

"தம்பி, நேத்து ராத்திரி ஒரு சாண் தள்ளி விரலை ஆட்டிப் பார்த்தேன். இதுக்குத் தெரியல. கடலைப்பருப்பை வச்சேன். மோந்து மோந்துதான் வந்துச்சு. இதுக்குக் கண்ணுன்னு பேரு, அவ்வளவுதான். மூக்கும் மீசையும்தான் இதுக்கு உலகம். புல்வெளிய நீங்க யாருக்குப் போட்டீங்க?"

"மேடம், வேணும்னா கடற்கரை மாடல் பாருங்க. உணர்பரப்பு இருநூறு."

"பெட்டி எவ்வளவு?"

"பெட்டி அதே சைஸ்தான். வீட்ல இடத்தை அடைக்காது பாருங்க."

"அப்ப இது எலிக்கு வீடு இல்ல. எலிய அடைச்சு வச்சிருக்கோம்ங்கிற உறுத்தல் வராம இருக்க எங்களுக்குப் போட்ட கண்கட்டு." என்றாள் பிலோமினா. "வாயில்லாத ஜீவன் ரத்தம் வர வர முட்டுது. நாம வெளியே நின்னு, அடடா எவ்வளவு விசாலம்னு நினைச்சுக்கறோம். இது பாவம் தம்பி."

கோகுல், மேலாளர் பார்க்கிறாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பெரிய மூட்டையைத் தூக்கி வந்து ஷைனியின் காலடியில் வைத்தான். பார்சல் பெட்டிகளிலிருந்து கிழித்த காகிதக் கீற்றுகள்.

"குப்பைக்குத்தான் போகும். இது எலிங்க தோண்டுறதுக்கு நல்லா இருக்கும்," என்றான் மெதுவாக. "நான் கொடுத்தேன்னு சொல்லாதீங்க."

அன்று மாலை அருள்தாஸ் வேலை முடிந்து வந்தபோது துணி அலமாரி தரையில் மல்லாந்து கிடந்தது. கதவுகள் தனியே கழன்று கிடந்தன. அவன் மனைவி அதன் உள்ளே உட்கார்ந்து மூலைகளில் உப்புத்தாள் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பிலோ, நம்ம துணியெல்லாம்?"

"கட்டிலுக்கு அடியில."

"நாம?"

"கட்டிலுக்கு மேல. வந்து இந்த வலைய இழுத்துப் பிடிங்க. ஓரத்துக் கம்பி உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கக் கூடாது. பிள்ளை காலைக் கிழிச்சிரும்."

"எந்தப் பிள்ளை?"

"ரெண்டும்."

அருள் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தான். கம்பி நுனிகளை ஒவ்வொன்றாகக் குறட்டால் மடக்கினான். காற்று புக வேண்டும், ஆனால் சுண்டுவிரல் புகக்கூடாது. அந்த அளவு வலைதான் மேல்மூடி. அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காகிதக் கீற்றும் தென்னைநார்த் தூளும் கலந்து அமுக்கினார்கள். பழைய கூண்டில் இருந்த சக்கரம் சின்னது. அதில் ஓடினால் முந்திரியின் முதுகு வில்லாக வளைந்தது. அரிசி டப்பாவின் அடிப்பாகத்தை அறுத்து, உள்ளே கால் நழுவாமல் கார்க் தாள் ஒட்டி, அருள் ஒரு பெரிய சக்கரம் செய்தான். வாய் உடைந்த மண்சட்டியின் ஓரத்தைத் தேய்த்து மழுக்கிக் கவிழ்த்து வைத்தாள் பிலோமினா. அதற்குத் தெருவிளக்கு வேண்டும் என்றாள் ஷைனி. அதற்கு இருட்டுதான் பிடிக்கும் என்று சொல்லித் தடுத்தார்கள்.

முந்திரியை உள்ளே விட்டதும் அது அசையாமல் நின்றது. மீசை மட்டும் துடித்தது. பிறகு ஓரமாக ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, முட்டவில்லை. திடீரென்று தலையைக் கீழே குத்திக் கீற்றுக்குள் மறைந்துவிட்டது.

"அய்யோ, காணோம்!" என்றாள் ஷைனி. சற்று நேரத்தில் அலமாரியின் மறுகோடியில் காகிதம் மெல்ல மேலே எழும்பியது. ஷைனி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிலோமினா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அலமாரியை வைக்கக் காட்சிச்சுவரின் முன்னால்தான் இடம் இருந்தது. தேயிலைத் தோட்டத்தின் பாதி மறைந்துபோனது. "உங்கள் இல்லத்தின் உணர்பரப்பு குறைந்துள்ளது," என்றது சுவர், தேன் தடவிய குரலில்.

"குறையட்டும்," என்றாள் பிலோமினா.

சுவரின் நச்சரிப்பு அவர்களுக்குப் புதிதல்ல. தினமும் ஏழு மணிக்கு மூவரும் கண்ணை மூடி ஜெபம் செய்கையில் அது பொறுமையிழக்கும். கண் மூடியிருந்தால் அதற்குக் கணக்கு எடுக்க முடியாது. "தயவுசெய்து கண்களைத் திறக்கவும்" என்று கெஞ்ச ஆரம்பிக்கும். அருள் ஒற்றைக் கண்ணைத் திறந்து அதைச் சமாதானப்படுத்துவான். ஆண்டவர் அதைக் கண்டுகொள்வதில்லை என்பது அவன் நம்பிக்கை.

ஆனால் கடையிலிருந்து திரும்பி வந்து மூலையில் காலியாகக் கிடந்த கூண்டும் சும்மா இருக்கவில்லை. உள்ளே பிராணி இல்லை, உணர்பரப்பு பூஜ்யம் என்று அது தானாகவே புகார் அனுப்பிவிட்டது. வார முடிவில் அளவீட்டு அலுவலர் வந்தார். திருவேங்கடம் என்று பெயர். கையில் ஒரு பழைய இரும்பு அளவு நாடா இருந்தது.

"முத்திரை இல்லாத பெட்டியில பிராணிய வச்சா பறிமுதல் பண்ணணும்மா," என்றார் வருத்தத்தோடு.

ஷைனி அலமாரியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"எடுத்துட்டுப் போய் எங்கய்யா வைப்பீங்க?" என்று கேட்டாள் பிலோமினா.

"முத்திரை உள்ள கூண்டுல."

"மூக்கு இப்பத்தான் ஆறியிருக்கு. உள்ள கையை விட்டுப் பாருங்க. விட்டுப் பார்த்துட்டு, மனசு இடம் கொடுத்தா எடுத்துட்டுப் போங்க."

அவர் தயங்கிக் கையை விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவர் முகம் மாறியது. முந்திரி கீற்றுக்குள்ளிருந்து எழும்பி, அவர் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்து, உள்ளங்கையில் ஏறி உட்கார்ந்திருந்தது. ரோமம் முளைக்க ஆரம்பித்த மூக்கை அவர் பெருவிரலால் தொட்டும் தொடாமலும் தடவினார்.

"பூஜ்யம்னு வந்துட்டா நாடா வச்சு நேர்ல அளக்கணும்ங்கிறது சட்டம்," என்றார் தனக்குத்தானே சொல்வதுபோல. "வீடானாலும் கூண்டானாலும் ஒரே சட்டம்தான். வீட்டுக்கு இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்ல. பன்னிரண்டு வருஷமா நாடா பையிலயே கிடக்குது." அலமாரியை நீளமும் அகலமும் அளந்தார். "மெய்ப்பரப்பு பன்னிரண்டு சதுர அடி. பிராணிக்குப் பார்வை மந்தம், காட்சிச்சுவரால் பலன் இல்லைன்னு எழுதி மேல அனுப்பறேன். பதில் வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பாப்பா, தண்ணி மாத்தி வைக்கிறியா?"

"தினமும் மாத்தறேன் மாமா!"

மழைக்காலம் தொடங்கியபோது பதில் வந்தது. அறிவிப்பை எல்லா வீட்டுச் சுவர்களும் ஒரே நேரத்தில் வாசித்தன.

'பார்வைக் குறைவுள்ள பிராணிகளை உணர்பரப்பால் ஏமாற்றுவது கொடுமையாகும். இனி அவற்றுக்கு மெய்ப்பரப்பே பரப்பு. கண்பார்வையுள்ள குடியிருப்போருக்கு இந்த ஆணை பொருந்தாது. அவர்களுக்கு உணர்பரப்பே போதுமானது.'

ஷைனி கைதட்டினாள். "முந்திரி ஜெயிச்சிருச்சு!"

அருளும் சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே நின்றது. மழை காரணமாகத் துணிகள் கொடியில் அவன் முகத்துக்கு நேரே தொங்கிக்கொண்டிருந்தன. "பிலோ, அதுக்குச் செஞ்சா கொடுமை. நமக்குச் செஞ்சா போதுமானதா?"

பிலோமினா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அருள் தினமும் செருப்பு மாட்டக் குனியும் இடத்தில், தேயிலைத் தோட்டத்தின் நடுவே, குனிந்த அவன் நெற்றியின் உயரத்தில் எண்ணெய்க் கறை ஒன்று வட்டமாகப் படிந்திருந்தது. ஷைனி கயிறு தாண்டும் இடத்தில் முழங்கை உயரத்தில் இன்னொன்று. எத்தனை முறை துடைத்திருக்கிறாள்! எதனால் வருகிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அன்று அவளுக்குக் கோபத்தில் அழுகைதான் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். எதிர் வீட்டு மெஹருன்னிசாவிடமும் போனாள். மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் போனாள். யாரிடமும் உரத்துப் பேசவில்லை.

"நாளைக்கு ஏழு மணிக்கு நாங்க ஜெபம் பண்ணுவோம்க்கா. நீங்களும் உங்க சாமிய நினைச்சு ஒரு அரை மணி நேரம் கண்ணை மூடிக்கோங்க. வேற ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"சாமி இல்லாதவங்க என்னம்மா பண்றது?" என்று கேட்டார் கோடி வீட்டுப் பெரியவர், கிண்டலாக.

"சும்மா கண்ணை மூடுங்கய்யா. கையை மட்டும் நீட்டிப் பாருங்க."

மறுநாள் ஏழு மணி. மூவரும் அலமாரியின் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள். வெளியே மழை. பிலோமினா கைகளை விரித்தாள். வலது கை சுவரில் பட்டது. இடது கை அருளின் தோளைத் தாண்டி அடுத்த சுவரில் பட்டது.

"தயவுசெய்து கண்களைத் திறக்கவும்," என்றது சுவர்.

அருளின் இமை துடித்தது. அவன் திறக்கவில்லை.

"தயவுசெய்து கண்களைத் திறக்கவும். உணர்பரப்பு கணக்கிட இயலவில்லை." கொஞ்ச நேரம் கழித்து, தேன் வற்றிப்போன குரலில்: "உணர்பரப்பு பூஜ்யம். நேரில் அளக்க அளவீட்டு அலுவலருக்குத் தகவல் அனுப்பப்படுகிறது."

அப்போதுதான் அவர்கள் அதைக் கேட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அதே குரல். எதிர் வீட்டிலிருந்து அதே குரல். தலைக்கு மேலே, காலுக்குக் கீழே, நடைவழியின் கோடி வரைக்கும், ஒன்றன்பின் ஒன்றாகச் சுவர்கள் கண்களைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டிருந்தன.

அலமாரிக்குள் காகிதம் சரசரத்தது. முந்திரி எழுந்து வந்து, மண்சட்டியின் மேல் ஏறி, மீசை துடிக்க இருட்டை முகர்ந்தது. முப்பத்தோராவது மாடியில் அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருந்தது அது ஒன்றுதான்.