கூடப் பிறந்த மறதி

"ஹலோ... அது என் குடை!"

மழையில் நனைந்தபடி ஓடினாள் அவள். காபிக் கடை வாசலிலிருந்து குடையை எடுத்துப் போனவன் திரும்பினான். தூக்கம் காணாத கண்கள்... ஆனால் என்ன கண்கள்!

"ஐயோ, சாரிங்க. மறதி எனக்குக் கூடப் பொறந்தது."

"புத்தி சொல்ல வேற யாரும் கூடப் பொறக்கலையா?"

"ஒருத்தன் இருக்கான். ரெட்டை. அச்சு அசல் என்னை மாதிரியே."

அவள் கோபம் அங்கேயே கரைந்தது. இரட்டையரைத் தேடித் தேடி ஆராய்ச்சி செய்கிறவள் அவள்! விசாரித்தாள். இவனுக்கு அச்சகத்தில் இரவு வேலை. தம்பி பள்ளிக்கூட வாத்தியார்.

"ராத்திரி முழிக்கிறதால மறதி வருதா, இல்ல பிறவியிலேயே இருக்கான்னு பார்க்கிறோம். ஒரே கரு, ஒரே வீடு, வேலை மட்டும் வேற... உங்களை மாதிரி ஜோடிங்களைப் பார்த்தாத்தான் தெரியும். ரெண்டு பேரும் வாங்களேன்!"

அவன் முகம் வாடியது. தம்பியின் கல்யாணத்தையே மறந்து தூங்கிப்போனவன் அவன். வேண்டுமென்றே வரவில்லை என்று தம்பி பேச்சையே நிறுத்திவிட்டான்.

"நானா போய் அவன் வாசல்ல நிக்க மாட்டேன்."

"வீம்பு மட்டும் மறக்கலையாக்கும்?"

சுருக்கென்றது. குடையை நீட்டிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டான்.

'அதிகமாப் பேசிட்டேனோ...' அவளுக்கு மனசே ஆறவில்லை.

அடுத்த வாரம் ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரே முகம் இரண்டு... ஆளுக்கொரு மூலையில்! அவன்தான் போய் அழைத்து வந்திருந்தான்.

ஆய்வுக்கு வந்தவரிடம் நெருங்கக் கூடாது என்பது விதி. அதனால் ஆய்வு முடியும்வரை அவள் அவனிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. கண்கள் பேசியதற்கு அவள் பொறுப்பல்ல...

ஆய்வு முடிவைச் சொல்லும் நாள். இரவு விழிப்பால்தான் மறதி வருகிறது என்றாள் அவள். "மறதிக்காரங்கதான் இரவு வேலைக்குப் போறாங்களோ என்னவோ?" என்று பேராசிரியர் மடக்கினார்.

"இல்ல சார். பெரும்பாலான ஜோடிகள்ல ராத்திரி முழிக்கிறவங்களுக்குத்தான் மறதி. அவங்களைப் பகல் வேலைக்கு மாத்தினோம். ஞாபகம் திரும்பிடுச்சு!"

அரங்கம் கைதட்டி எழுந்தது. பின்வரிசையில் தம்பி அண்ணனின் தோளைப் பற்றிக்கொண்டான்.

"வேணும்னு பண்ணலையாடா நீ... என்னை மன்னிச்சிடுடா."

கூட்டம் கலைந்ததும் அவன் அவளிடம் வந்தான். "ஆராய்ச்சி முடிஞ்சுதுல்ல... இப்போ சொல்லலாமா?"

"முதல்ல நான். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"என் தம்பிக்கும் இதே முகம்தாங்க..."

"முகத்தை யார் கேட்டா? வீம்பை விட்டுட்டுத் தம்பி வாசல்ல போய் நின்னாரே... அவரைப் பிடிச்சிருக்கு."

அவன் கண்கள் நிறைந்தன. "எனக்கும்... உங்களை மட்டுந்தான்!"