நூற்றிருபது ஆடுகளும் ஒரு செருமலும்

மெரினுக்கு வாய் சும்மா இருக்காது. பஸ் ஓட்டுநர் இருமுவது முதல் தலைமையாசிரியர் தும்முவது வரை அப்படியே செய்து காட்டுவாள். அதனால் வெள்ளிக்கிழமை மிஸ் டக்வெல் பலகையில் ‘மிமிக்’ என்று எழுதியதும் வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது.

“ஒருத்தரை மாதிரியே செஞ்சு காட்டுறது. அர்த்தம் உனக்கா தெரியாது, மெரின்!” என்றார் மிஸ். “இந்தச் சொல்லை வெச்சு, நிஜமா நடந்த ஒரு விஷயத்தை எழுதிட்டு வா. ஆனா அதுல யாருக்கும் கோபம் வந்திருக்கக் கூடாது.”

சனிக்கிழமை முழுவதும் யோசித்தாள். ஒன்றும் தேறவில்லை. அவள் யாரை மாதிரி செய்தாலும் அவருக்குக் கோபம் வந்திருந்தது. அப்பாவுக்கோ மூக்குக்கு மேல் வரும்.

ஞாயிறு காலை அதே யோசனையில் மேய்ச்சல் நிலத்தைக் கடந்தவள், கேட்டைச் சாத்த மறந்துவிட்டாள். பண்ணையில் பிறந்த பிள்ளை செய்கிற காரியமா இது! நூற்றிருபது செம்மறியாடுகளும் சாலையைப் பார்த்துக் கிளம்பிவிட்டன. மரம் ஏற்றிய லாரிகள் பறக்கும் சாலை அது.

அப்பா ஓடி வந்தார். ஆடுகளை மடக்க அவர்கள் நாய் பிப் ஒன்றே போதும். ஆனால் பிப் அப்பாவின் குரலுக்கு மட்டும்தான் அசையும். அப்பாவோ முந்தைய நாள் ஃபுட்பால் ஆட்டத்தில் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தார், வெறும் காற்றுதான் வந்தது.

மெரின் வேலிமேல் ஏறினாள். “பிப்! சுத்திப் போடா!” என்று அப்பா குரலில் கத்தினாள்.

பிப் கொட்டாவி விட்டது.

“ஐயோ, எதையோ விட்டுட்டேனே!”

சட்டென்று நினைவு வந்தது. அப்பா முதலில் இரண்டு முறை செருமுவார். பிறகுதான் அதட்டுவார்.

“க்ஹும்! க்ஹும்! டேய் சோம்பேறி, சுத்திப் போடா!”

பிப் பாய்ந்தது. சாலை ஓரத்தில் முதல் ஆட்டை மறித்து, மொத்தக் கூட்டத்தையும் திருப்பிவிட்டது. கடைசி ஆடு உள்ளே வந்ததும் மெரின் கேட்டைச் சாத்தி, இழுத்தும் பார்த்தாள்.

“நான்தான்பா கேட்டைச் சாத்த மறந்துட்டேன்,” என்றாள்.

அப்பா முறைத்தார். அப்புறம் சத்தமே வராமல் தோள் குலுங்கச் சிரித்தார். அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை மெரின் எழுந்து வாசித்தாள்: “நான் அப்பாவை மிமிக் செய்தேன். நூற்றிருபது ஆடுகள் வீடு திரும்பின.”

“நிஜமாவா? அப்பாவுக்குக் கோபம் வரலையா?” என்றார் மிஸ்.

“இல்ல மிஸ்! அவருக்கு இன்னும் குரல் வரல. இன்னிக்கும் பிப்பைக் கூப்பிட என்னைத்தான் எழுப்பினாரு. ‘செருமல் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி’ன்னு பேப்பர்ல எழுதிக் காட்டினாரு!”